விஜயதசமி லோடு

அன்று பிற்பகல் சோதனை அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிளான்ட் மேனேஜர். திருச்சிப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

மைக்ரோபயாலஜி மேடம். விருதுநகர்ப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருஷம் நிறையவில்லை. பர்மனென்ட் ஆகவில்லை.

பாய்லர்காரர். பாகலூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், மெஷினோடு கன்னடம்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த பாய். தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். அறைக்குள் வராமல் வாசற்படியில் நின்றார்.

நான். காஸ் சேம்பர் ஆபரேட்டர். ஊர் அஞ்செட்டிக்கு மேலே. படிப்பு எட்டாவது.

வேறு யாரும் இல்லை. வெளியே சரக்கு ஏற்ற ஒரு லாரி நின்றது. அதன் டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரை நான் சேர்க்கவில்லை.

விஜயதசமி அன்று காலிச் சேம்பரை ஓட்டுகிறோமே, காஸ் வீண்தானே என்று இப்போது அங்கே வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் கேட்டாராம். யாருக்கும் பதில் தெரியவில்லை என்றார்கள். அதனால் எழுதுகிறேன். சேம்பரை ஓட்டுவது எப்படி என்று எழுத மாட்டேன். அதற்கு உங்களிடம் புத்தகம் இருக்கிறது.

ஓசூரில் நாங்கள் செய்தது சலைன் ஏற்றும் டிரிப் செட். ஊசி வழியாக நேராக ரத்தத்துக்குள் போகிற சாமான். பிளாஸ்டிக் என்பதால் கொதிக்க வைக்க முடியாது. பெட்டியில் அடைத்து, பெட்டியோடு சேம்பருக்குள் தள்ளி, காஸ் விட்டுக் கிருமியைக் கொல்ல வேண்டும். கொன்றதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. முகர்ந்தாலும் தெரியாது. சரியான செட்டும் கெட்ட செட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

அதற்குத்தான் குப்பிகள். விரல் நீளம் இருக்கும். உள்ளே லேசில் சாகாத ஒரு கிருமியின் வித்து இருக்கும். ஆளுக்குக் கெடுதல் செய்யாத கிருமி. அந்தக் குப்பிகளைச் சில பெட்டிகளுக்குள் செருகி, சரக்கோடு சேர்த்துக் காஸில் விடுவோம். வெளியே எடுத்து, குப்பியில் இருக்கும் தண்ணீரை அந்த வித்தோடு கலந்து, சூட்டில் வைத்தால், உயிர் இருக்கிற குப்பி கலங்கிவிடும். செத்திருந்தால் தெளிவாகவே இருக்கும். குப்பிக் கிருமி செத்தால் மற்றதும் செத்தது என்று அர்த்தம். ஆனால் கலங்குகிறதா என்று பார்க்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் ரீடர் வந்தது. பயோசென்சர் என்று படித்தவர்கள் சொன்னார்கள். குப்பியை அதன் குழியில் வைத்தால் ஒரு விளக்கு அடிக்கும். வித்துக்கு உயிர் இருந்தால் குப்பிக்குள் ஒரு மினுக்கம் உண்டாகும். நம் கண்ணுக்குத் தெரியாது, ரீடருக்குத் தெரியும். செத்திருந்தால் பச்சை விளக்கு. உயிர் இருந்தால் சிவப்பு. காலையில் வைத்தால் பிற்பகலில் பதில். அன்றைக்கே லாரி போகலாம். முதலாளி அதற்காகத்தான் வாங்கினார்.

வந்த வருஷமே ஆயுத பூஜையில் அதற்கும் பொட்டு வைத்தார்கள். எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, மஞ்சளும் சந்தனமும் குழைத்து வைப்பது வழக்கம். ரீடர் புது மெஷின். யாரோ ஆசையாகக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். குழைத்தது குழிக்குள் இறங்கியது. மறுநாள் வைத்த குப்பி எல்லாம் சிவப்பு.

அப்போது மைக்ரோபயாலஜியில் இருந்தவர் ஒரு சார். சின்ன வயது. லோடை நிறுத்திவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு குப்பிகூடக் கலங்கவில்லை. பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்து அந்த விளக்கை மஞ்சள் ஒட்டிய எங்கள் விரல்மேல் அடித்துக் காட்டினார். விரல் மினுங்கியது. மஞ்சளும் அந்த வெளிச்சத்தில் மினுங்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சரக்கு நல்ல சரக்கு. அதற்குள் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

பொங்கலுக்குள் அந்த சாரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவர் செய்தது சரி. சிவப்பு எரிந்தது, நிறுத்தினார். அதைச் சொல்ல அன்று ஆள் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர்தான் இந்த மேடம்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. மேடம் ரீடர் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். பொட்டு வைப்பதென்றால் வெளிக் கதவில் வையுங்கள் என்றார். பூஜைக்கும் வந்து கலந்துகொள்ளவில்லை. தள்ளி நின்று கும்பிட்டார். பொரி கொடுத்தபோது காகிதத்தில் வாங்கிக்கொண்டார். அது யாருக்கும் பிடிக்கவில்லை.

பாய்லர்காரர்தான் கேட்டார். "ஏம்மா, உம் மிஷின் என்னா புது மருமகளா? பொட்டு வெச்சா அழிஞ்சிடுமா?"

மேடம் சிரித்துக்கொண்டார். சாவியைத் தரவில்லை.

மறுநாள் விஜயதசமி. அன்று நல்ல நேரத்துக்குள் முதல் லோடை ஆரம்பித்துவிட வேண்டும். அப்படி ஆரம்பித்தால் வருஷம் பூராவும் சேம்பர் நிற்காது என்று ஒரு நம்பிக்கை. மேனேஜர் பூசணிக்காய் உடைத்தார். நான் பட்டனைத் தட்டினேன். சேம்பர் கதவின் சக்கரப் பிடியில் கை வைக்க இடமில்லாமல் மஞ்சள் பூசியிருந்தது.

அடுத்த நாள் காலை லோடு வெளியே வந்தது. கதவைத் திறந்தவன் நான். கையுறை போட்டிருந்தேன். அதே கையுறையோடு ஓரத்துப் பெட்டிகளிலிருந்து குப்பிகளை எடுத்தேன். அவை பன்னிரண்டு. நடுப் பெட்டிகளில் இருந்தவை எட்டு. அவற்றைப் பாய் எடுத்தார். ஓரத்துப் பெட்டிகளை ஒட்டாமல் விடுவோம். நடுப் பெட்டிகள் சீல் ஒட்டியவை. அந்த சீலை வேறு ஆள் பிரிக்க அவர் விட மாட்டார். எண்ணிக்கை கெட்டுவிடும் என்பார். எடுத்ததைத் தனித்தனி டிரேயில் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தோம். அவர் இடுக்கியால் எடுத்து ரீடரில் வைத்தார்.

பிற்பகலில் எல்லாம் சிவப்பு.

இதைப் பார்த்தவுடன் எங்களுக்குப் பயம் வரவில்லை. சிரிப்பு வந்தது. போன வருஷம் மாதிரியே இருந்தது. பாய்லர்காரர், சாமிக்கே இந்த மிஷினைப் பிடிக்கவில்லை என்றார். மேனேஜரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மேடம் மட்டும் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேலை ஆகட்டும் என்று செய்தார். துடைத்து முடித்துப் பஞ்சைக் காட்டினார். மஞ்சள்.

"பார்த்தீங்களாம்மா? அதேதான். சேம்பர் கிராப் சரியா இருக்கு, காஸ் எடை சரியா இருக்கு. கையெழுத்துப் போடுங்க. வண்டி நிக்குது."

அந்த இடத்தில் யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். காரணம் கையில் இருக்கிறது. பஞ்சில் தெரிகிறது. போன வருஷம் நிரூபணமும் ஆகியிருக்கிறது. பிடித்தமான காரணம் கிடைத்துவிட்டால் அதை யாரும் இரண்டாம் முறை கேள்வி கேட்பதில்லை. உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த மஞ்சள் எந்தக் குப்பியில இருந்து வந்துச்சு சார்?"

மேனேஜர் பஞ்சைப் பார்த்தார். இருபது குப்பிக்கும் ஒரே பஞ்சு. துடைத்த பிறகு எல்லாக் குப்பியிலும் கொஞ்சம் மஞ்சள் ஏறியிருக்கும். மறுபடி ரீடரில் வைத்தும் பிரயோஜனமில்லை.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எல்லாத்தையும் நீங்கதான் எடுத்தீங்களா?"

இல்லை என்றேன். ஓரத்தில் இருந்ததை நான் எடுத்தேன், நடுவில் இருந்ததைப் பாய் எடுத்தார் என்றேன். கதவைத் திறந்த கை என்னுடையது, என் குப்பியில் மஞ்சள் இருந்திருக்கும் என்றும் சொன்னேன். கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

எல்லோரும் வாசற்படியைப் பார்த்தோம்.

அந்த வருஷங்களில் ஆயுத பூஜையும் நோன்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மற்ற வருஷம் என்றால் பாய் எங்களோடு நின்று பொரி கடலை வாங்குவார். மெஷினைத் துடைக்கவும் வருவார். அந்த வருஷம் பூஜையன்று ஸ்டோரை விட்டு வரவில்லை. தன் பங்குப் பொரியை வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று என்னிடம் பொட்டலமாக வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் மெதுவாகத்தான் பேசினார். "பாய், அவசரமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நாளா கம்பெனி பூராவும் மஞ்சள். கதவுல, வண்டியில, எல்லாத்துலயும். எங்கயாவது கை பட்டிருக்கலாம். பட்டிருக்கலாம்ல?"

அது மிரட்டல் இல்லை. தப்பித்துக்கொள்ள வழி விட்டுக் கொடுத்தார். பட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை. அது பொய்கூட இல்லை. யாருக்கும் எதுவும் பட்டிருக்கலாம். அந்த வார்த்தையை வைத்து மேனேஜர் கையெழுத்து வாங்கிவிடுவார். லாரி போய்விடும். மேடத்துக்கு வேலை நிலைக்கும். சொல்லாவிட்டால், வருஷத்தின் முதல் லோடை நிறுத்தியது பாய் என்று ஆகும். அந்த நாளில், அவர் பெயரோடு, அது எப்படிப் பேசப்படும் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பாயின் உதடு காய்ந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பட்டிருக்கலாம்னு சொன்னா வண்டி போயிடுங்க சார். எனக்கும் அது புரியுது. ஆனா படல. ஸ்டோர்ல புது உறை பிரிச்சு மாட்டினன். நேரா என் பெட்டிக்கிட்டப் போனன், எடுத்தன், டிரேயில வெச்சன். கதவுப் பக்கம் போவல. நோன்பு வெச்ச வாயிங்க. படல."

பாய்லர்காரர் வெளியே போய்விட்டார்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரீடர் தப்பாகக்கூடக் காட்டியிருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றார் மேடம். மறுக்கவில்லை. ரீடர்மேல் சந்தேகம் வந்துவிட்டது, அதனால் சரக்குமேல் சந்தேகம் போய்விடாது, இரண்டு நாள் சூட்டில் வைத்துப் பார்ப்போம் என்றார். வெளிநாட்டு ஆர்டர், கப்பல் காத்திருக்காது என்றார் மேனேஜர். போன வருஷம் போன ஆர்டரைச் சொன்னார். போன வருஷ சாரைப் பற்றி அவர் சொல்லவில்லை. மேடமே சொன்னார்.

"கலங்கலன்னா போன வருஷ சார் மாதிரி நானும் கிளம்பிடுறேன் சார். நீங்க சொல்ல வேண்டாம். இன்னைக்குக் கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

மேனேஜர் ரொம்ப நேரம் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தானே வெளியே போய் லாரியைத் திருப்பி அனுப்பினார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். தானே போனார். அந்த மனிதரைப் பற்றி நீங்கள் யாராவது தப்பாகப் பேசினால் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அந்த இரண்டு நாளும் கேன்டீனில் இதே பேச்சுத்தான். முதல் லோடே நின்றது, வருஷம் விளங்காது என்றார்கள். பொட்டு வைக்க விடாத பெண் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், பின்னே எப்படி விளங்கும் என்று ஒருவன் சொன்னான். நோன்பு என்பதால் பாய் கேன்டீன் பக்கம் வருவதில்லை. அது நல்லதாயிற்று. மேடம் வந்தார். தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்துப் போனார்.

நான் அந்தப் பேச்சில் சேரவில்லை. தடுக்கவும் இல்லை.

காத்திருந்த முதல் நாள் மத்தியானம் மேடம் என்னைத் தேடிக்கொண்டு சேம்பருக்கு வந்தார். லோடு சூட்டு அறையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். சூட்டு அறை என்பது சேம்பருக்கு முன்னால் இருக்கிற அறை. காஸ் விடுவதற்கு முன் பெட்டிகளைச் சூட்டிலும் ஈரத்திலும் ஊற வைப்போம். உள்ளே இருப்பது குளிர்ந்து காய்ந்து கிடந்தால் காஸ் விட்டும் கிருமி சாகாது.

நடந்ததைச் சொன்னேன். பூஜைக்காகப் பாய்லரை அணைத்திருந்தோம். விஜயதசமி விடியற்காலையில்தான் மூட்டினோம். அந்த வாரம் முழுக்க ஓசூரில் புரட்டாசி மழை. பெட்டிகள் தளத்தில் குளிரிலேயே கிடந்தன. சூட்டு அறைக்குள் தள்ளிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், நல்ல நேரம் போகிறது, அப்புறம் ராகு காலம் என்று எல்லோரும் சேர்ந்து சேம்பருக்குத் தள்ளினோம். பெட்டியைத் தொட்டால் வெளியே சூடாகத்தான் இருந்தது.

"நடுவுல?" என்றார்.

நடுவில் கை விட்டுப் பார்க்கவில்லை என்றேன்.

கிராப் சரியாகத்தான் இருந்தது. அது சேம்பருக்குள் என்ன நடந்தது என்று காட்டும். பெட்டியின் வயிற்றில் என்ன இருந்தது என்று காட்டாது.

மேடம் அதை மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் எனக்குப் போன் போட்டு, நிஜமா என்று மட்டும் கேட்டார். நிஜம் என்றேன். அவர் கையால் உடைத்த பூசணிக்காய், அவர் பார்த்துச் சொன்ன நேரம். போனை வைத்துவிட்டார்.

இத்தனைக்குப் பிறகும் எதுவும் தீரவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். குறைவாகச் சூடேறிய லோடும் தேறிவிடுவதுண்டு. குப்பிகள் தெளிவாகவே இருந்தால், இத்தனை காரணமும் வெறும் பேச்சு. ஆர்டர் போனது போனதுதான். மேடம் போக வேண்டியதுதான். பாய் சொன்னது உண்மையாக இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் காலை மேடம் ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு அது அப்போது தெரியாது. ஹாஸ்டல் சமையல்காரம்மா பிறகு சொன்னார்.

மேனேஜர் ஷிஃப்டுக்கு முன்பே வந்துவிட்டார். பாய்லர்காரர் வந்தார். நான் போனேன். பாய் வழக்கம்போல வாசற்படியில் நின்றார்.

"பாய், உள்ள வாங்க," என்றார் மேனேஜர். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

மேடம் குப்பிகளைச் சூட்டில் வைத்திருந்த பெட்டியிலிருந்து முதலில் என்னுடையவற்றை எடுத்தார். ஜன்னலுக்கு நேராக ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். தெளிவு. அடுத்தது தெளிவு. அதற்கு அடுத்ததும் தெளிவு. ஒவ்வொன்றின் வழியாகவும் ஜன்னல் கம்பி நன்றாகத் தெரிந்தது. பன்னிரண்டும் தெளிவு. என் குப்பியில் எரிந்த சிவப்பு என் கை மஞ்சள்தான்.

பாய்லர்காரர் பெருமூச்சு விட்டார். சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. மேடத்தின் கை டிரேயின்மேல் கொஞ்சம் நின்றது. பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடுப் பெட்டிக் குப்பிகள். முதலாவதைத் தூக்கினார்.

கம்பி தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர்போல இருந்தது.

மேடம் அதைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, அவர் வைக்க வைக்கத் தானும் எண்ணினார்.

நடுப் பெட்டிக் குப்பிகள் எட்டு. கலங்கியவை ஏழு. அடுத்த விஜயதசமியிலிருந்து நல்ல நேரத்துக்கு ஓடுவது காலிச் சேம்பர்.